நரம்பை ஒட்டிய ரத்தநாளக் கோளாறு: எந்தச் சிகிச்சையில் நரம்புக்கு எவ்வளவு ஆபத்து?

ஒரு மருத்துவர் ஆல்கஹால் ஊசி போடலாம் என்கிறார், இன்னொருவர் அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார், மூன்றாமவர் இப்போதைக்குத் தொட வேண்டாம், இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு பார்ப்போம் என்கிறார். மூவரும் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் மட்டும் ஒரே வரி இருக்கும்: “நரம்பு பாதிக்கப்படலாம்.” வாஸ்குலர் மால்ஃபார்மேஷன் (பிறவியிலேயே ரத்தநாளங்கள் தவறாக உருவான கோளாறு) என்று கேட்டுவிட்டு வந்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் தயங்கி நிற்பது பெரும்பாலும் இந்த வரியில்தான்.

அந்த ஒரு வரி ஒவ்வொரு சிகிச்சையிலும் ஒவ்வொரு விஷயத்தைக் குறிக்கிறது. ஆல்கஹால் நரம்பைக் கெடுக்கும் விதம் வேறு, கத்தி கெடுக்கும் விதம் வேறு, வெறும் வீக்கம் கெடுக்கும் விதம் வேறு, திரும்ப வரும் வாய்ப்பும் அதற்கேற்ப மாறும். அதனால் எது நல்ல சிகிச்சை என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்த நரம்பு, எவ்வளவு பக்கத்தில், கெட்டால் எந்த வகையில் கெடும் என்று கேளுங்கள், பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் நரம்பு என்று வரும் இடமெல்லாம் மூளையின் கட்டளையையும் தொடு உணர்வையும் கடத்தும் நரம்பைத்தான் சொல்கிறேன். ரத்தம் ஓடுவதைச் சிரை, தமனி என்றே எழுதுகிறேன். மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் இருக்கும் கோளாறுகள் இங்கே வரவில்லை, அவற்றுக்கான முடிவுகள் முற்றிலும் வேறு.

## முதலில் பெயர் சரியா என்று பாருங்கள்

பழைய ரிப்போர்ட்டில் ‘ஹீமாஞ்சியோமா’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். 1982-இல் மல்லிகன், குளோவாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் உண்மையான ரத்தநாளக் கட்டிகளையும் பிறவியிலேயே தவறாக உருவான ரத்தநாளங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள், இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் வகைப்பாடு அதிலிருந்து வந்ததுதான். குழந்தைகளின் ஹீமாஞ்சியோமா சில மாதங்கள் வேகமாக வளர்ந்து பிறகு தானாகவே சுருங்கும். மால்ஃபார்மேஷன் அப்படிச் சுருங்காது, உடம்போடு சேர்ந்து வளரும், பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் சிலருக்குச் சட்டென்று பெரிதாகும். பெயர் மாறினால் சிகிச்சை மாறும், நரம்புக்கான ஆபத்தும் மாறும்.

அடுத்து, ஓட்டம் மெதுவா வேகமா என்று தெரிய வேண்டும். சிரைக் கோளாறும் நிணநீர்க் கோளாறும் மெதுவான ஓட்டம். தமனி நேராகச் சிரையில் கொட்டுவது வேக ஓட்டம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இது தெரிந்துவிடும். பரவல் எவ்வளவு, பக்கத்தில் எந்த நரம்பு என்பதற்கு எம்ஆர்ஐ வேண்டும், அதிலும் கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் டி2 படங்கள். கட்டி மட்டும்தான் ரிப்போர்ட்டில் இருக்கிறது, நரம்பைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், “நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்துக் குறிப்பிட முடியுமா?” என்று ரேடியாலஜிஸ்டிடம் திருப்பிக் கேட்பதில் தவறே இல்லை. சில சமயம் சிரைக் கோளாறு நரம்பின் உறைக்குள்ளேயே புகுந்திருக்கும். அது முன்கூட்டியே தெரியாமல் ஊசியோ கத்தியோ எடுப்பதுதான் மிக மோசமான தொடக்கம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லா வழிகளையும் நான் உரசிப் பார்ப்பது இந்தக் கேள்விகளில்தான்.

எந்த நரம்பு? தோலின் உணர்வை மட்டும் கொண்டுபோகும் சிறு கிளை மரத்துப்போனால் எரிச்சலோடு வாழப் பழகிவிடலாம். முக நரம்பு போனால் கண் மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகும். முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி வளையும் பெரோனியல் நரம்பு போனால் பாதம் தொங்கிவிடும். ஒரே மாதிரி 5 சதவீத ஆபத்து என்று சொல்லப்பட்டாலும் இந்த மூன்றும் ஒன்றாகாது.

எந்த வழியாகக் கெடும்? மருந்து நேராகப் பட்டு, வீக்கம் அழுத்தி, கத்தி பட்டு, இழுபட்டு, குளிரால் உறைந்து, அல்லது நரம்புக்கே உணவு கொடுக்கும் நுண் தமனி அடைபட்டு என்று ஆறு பாதை இருக்கிறது.

கெட்டால் திரும்புமா? நரம்புக் காயங்களுக்கு 1943-இல் செடன் என்ற அறுவை மருத்துவர் வகுத்த மூன்று நிலைகள் இன்றும் போதும். முதல் நிலையில் நரம்பு முழுசாக இருக்கிறது, கடத்தல் மட்டும் தற்காலிகமாக நின்றிருக்கிறது, நாட்களிலோ வாரங்களிலோ திரும்பும். இரண்டாவதில் உள்ளிழை அறுந்திருக்கிறது, உறை தப்பியிருக்கிறது; இழை மீண்டும் வளரும், ஆனால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். மூன்றாவதில் உறையும் போய்விட்டது, தைக்காமல் அது சேராது. நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்பதை உடம்பில் வைத்துப் பாருங்கள்: முழங்கால் அருகே கெட்ட நரம்பு பாதம் வரை வளர்ந்து சேர ஒரு வருடத்தைத் தொடும். நரம்பில்லாமல் கிடக்கும் தசையோ 12 முதல் 18 மாதத்துக்குள் திரும்ப முடியாத நிலைக்குப் போய்விடும். உடம்பின் நடுப்பகுதிக்கு அருகில் கெடுவது ஏன் இவ்வளவு பயப்பட வேண்டியது என்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எத்தனை முறை? ஊசி சிகிச்சைகள் ஒரே அமர்வில் முடிவது குறைவு. ஒரு அமர்வுக்குச் சொல்லும் ஆபத்து 4 அமர்வு போனால் கூடிக்கொண்டே வரும், இதை யாரும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

கடைசியாக, செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதைப் பார்க்காமல் ஆபத்தை மட்டும் எண்ணினால் எல்லாச் சிகிச்சையும் வேண்டாம் என்றுதான் தோன்றும்.

## தொடாமல் பார்த்துக்கொள்வது

வலி குறைவு, அசைவு நன்றாக இருக்கிறது, தோற்றமும் பெரிதாக உறுத்தவில்லை என்றால் இதுதான் என் முதல் தேர்வு. கைகால்களில் அளவெடுத்துச் செய்த அழுத்தக் காலுறை அல்லது கையுறை, சிரைக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகி (உறைகட்டி) வலிக்கும்போது மருத்துவர் சொன்ன வலி மாத்திரை, வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை. சிகிச்சையால் வரும் நரம்பு ஆபத்து ஏறத்தாழப் பூஜ்ஜியம்.

ஆனால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. மெதுவான ஓட்டச் சிரைகளுக்குள் ரத்தம் தேங்கி உறைந்து உறைந்து கரையும், ரத்தப் பரிசோதனையில் டி-டைமர் (உறைந்த ரத்தம் கரையும்போது வரும் பொருள்) அளவு உயர்ந்திருப்பதில் இது தெரியும். அந்த உறைகட்டிகள் பக்கத்து நரம்பை அழுத்தி மின்னல் மாதிரி வலி கொடுக்கலாம். கெண்டைத் தசைக்குள் இருக்கும் கோளாறுகளில் வலிக்குப் பயந்து குழந்தை குதிகால் ஊன்றாமல் நடக்கும், தசை சுருங்கும், கணுக்கால் மடங்காமல் போகும். ஏற்கெனவே விரல் மரத்துப்போவது, பிடி தளர்வது போன்ற அறிகுறிகள் படிப்படியாகக் கூடினால் காத்திருப்பதே நரம்பைக் கெடுக்கும் வழியாகிவிட்டது என்று அர்த்தம்.

## எத்தனால்: வலுவானது, மன்னிக்காதது

ஏறத்தாழ நீர் கலக்காத ஆல்கஹாலைச் சிரைக்குள் நேராக ஏற்றுவது. ரத்தநாளத்தின் உட்சுவரிலுள்ள புரதங்களை அந்த நொடியே உறைய வைத்து அழிக்கும். திரும்பத் திறந்துகொள்வது குறைவு என்பதால்தான் இன்றும் சில மையங்கள் இதை விடவில்லை, கடினமான கோளாறுகளில் வேறெதுவும் எடுபடாதபோது இது வேலை செய்வதும் உண்மை.

சிக்கல் என்னவென்றால் எத்தனால் ரத்தநாளச் சுவரோடு நிற்காது. சுவரைத் தாண்டி ஊறும், வழியில் இருப்பது தோலா நரம்பா என்று அதற்குத் தெரியாது. கணையப் புற்றுநோயின் தாங்க முடியாத வலியைக் குறைக்க வயிற்று நரம்புப் பின்னலை வேண்டுமென்றே அழிப்பதற்கு மருத்துவர்கள் ஊசியில் எடுப்பதும் இதே ஆல்கஹால்தான். இது ஒன்றே போதும், நரம்பை ஒட்டிய கட்டியில் எத்தனால் என்றால் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கு. ஊசி மருந்துகளில் நரம்புப் பாதிப்பு அதிகமாகப் பதிவாவது இதில்தான். பெரும்பாலானவை வாரங்களிலும் மாதங்களிலும் திரும்பிவிடுகின்றன, ஆனால் நிரந்தரமாக நின்றுபோனவையும் உண்டு.

மறைந்திருக்கும் விலைகள் இன்னும் இருக்கின்றன. போடும்போது கடும் வலி என்பதால் முழு மயக்கம் வேண்டும், மயக்கத்தில் இருப்பவர் “விரல் மரத்துப்போகிறது” என்று சொல்ல முடியாது, எச்சரிக்கை மணி அங்கே அணைந்துவிடுகிறது. தோல் கருகிப் புண்ணாகலாம். அளவு கூடினால் நுரையீரல் அழுத்தம் ஏறி இதயமே நின்றுபோகும் ஆபத்து அரிதாக உண்டு, அதனால்தான் ஒரு அமர்வில் உடல் எடையின் கிலோவுக்கு 1 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், பல குழுக்கள் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன.

எங்கே இது சரியான தேர்வு? பெரிய நரம்புகளிலிருந்து தள்ளி ஆழமான தசையில் இருப்பது, மற்ற மருந்துகளுக்கு அசையாதது, வேக ஓட்டக் கோளாறு, கூடவே இதையே தொடர்ந்து செய்துவரும் கை. இந்தக் கடைசி நிபந்தனையை மற்ற எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்கை, உள்ளங்கை, முகத்தின் பக்கவாட்டு, முழங்காலின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் எத்தனால் முதல் தேர்வாகச் சொல்லப்பட்டால் நான் இரண்டாவது கருத்து கேட்காமல் நகர மாட்டேன்.

## நுரை மருந்துகள்: டெட்ராடெசில், பாலிடோகனால்

சோப்பு வகை மருந்துகள் இவை. இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே காற்றோடு முன்னும் பின்னும் அடித்து நுரையாக்கி ஏற்றுகிறார்கள். நுரை ரத்தத்தைத் தள்ளிவிட்டுச் சுவரில் ஒட்டுவதால் குறைந்த மருந்தே போதும், சுவருக்கு வெளியே ஊறுவதும் எத்தனால் அளவுக்கு இல்லை. நரம்பு கெடுவது அரிது. கெட்டால் பெரும்பாலும் காரணம் மருந்தைவிட அதற்குப் பின் வரும் வீக்கமாகவே இருக்கும், அதாவது செடன் சொன்ன முதல் நிலை.

சரி, விலை? திரும்பத் திறந்துகொள்வது அதிகம், அதனால் அமர்வுகள் கூடும். வீக்கம் முதல் சில நாட்கள் நன்றாகவே இருக்கும். முன்கையிலும் காலிலும் தசைகள் விரியாத உறைகளுக்குள் அடைபட்டிருப்பதால் உள்ளே வீங்கினால் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நிற்கலாம், அந்த நிலையில் நரம்புதான் முதலில் சாகத் தொடங்கும். அது பற்றிக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன். நுரையின் காற்றுக் குமிழ்கள் இதயத்தில் சிறு துளை உள்ளவர்களுக்கு மூளைப் பக்கம் போகக்கூடும், தற்காலிகப் பார்வைத் தடுமாற்றம் வரலாம். துளை இருப்பது தெரிந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

நரம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரணச் சிரைக் கோளாறுக்கு, ஊசிதான் என்று முடிவான பிறகு, என் கணிப்பில் தொடங்க வேண்டிய இடம் இதுவோ அடுத்து வரும் ப்ளியோமைசினோதான்.

## ப்ளியோமைசின்: வீக்கம் குறைவு, வேறு கணக்கு உண்டு

புற்றுநோய் மருந்தாக வந்தது, குறைந்த அளவில் இங்கே பயன்படுகிறது. இதன் பெரிய பலம், போட்ட பிறகு வீக்கம் மற்றவற்றைவிடக் குறைவு. கண்குழி, நாக்கு, தொண்டை, முக நரம்பின் பாதை என்று வீங்க இடமே இல்லாத இடங்களில் பலரும் இதைத் தேடுவதற்குக் காரணம் அதுதான். நரம்பை நேரடியாகக் கெடுப்பதும் மிக அரிது. மருந்தைக் கொடுத்துவிட்டு மின்துடிப்பால் செல்களைத் திறந்து உள்ளே புகவிடும் முறையும் இப்போது சில மையங்களில் இருக்கிறது, அதில் மருந்து குறைவாகவே போதும்.

மறைந்திருக்கும் விலை நுரையீரலில். புற்றுநோய்ச் சிகிச்சையில் வாழ்நாள் மொத்த அளவு 400 யூனிட்டைத் தாண்டும்போது நுரையீரல் தழும்பேறும் ஆபத்து வேகமாக ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். ரத்தநாளக் கோளாறுக்கு அதைவிட மிகக் குறைவாகவே தருகிறார்கள் என்றாலும் ஒவ்வொரு அமர்விலும் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான், குறிப்பாக மருத்துவமனை மாறும்போது. வேறெதற்காவது பின்னாளில் மயக்க மருந்து கொடுத்தாலும் ப்ளியோமைசின் வாங்கியவர் என்று சொல்லிவிட வேண்டும், அதிக ஆக்சிஜன் அந்த நுரையீரலுக்கு ஆகாது. இன்னொன்று, ஒட்டுப் பட்டை ஒட்டிய இடத்திலும் சொறிந்த இடத்திலும் தோல் கறுத்துக் கோடு விழும். சிகிச்சை நாளில் பட்டை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

நிணநீர்க் கோளாறுகளுக்கு டாக்ஸிசைக்ளினும் ஓகே-432 என்பதும் கூட உண்டு, பெரிய பெரிய அறைகளாக இருந்தால் இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். கழுத்தில் டாக்ஸிசைக்ளின் போட்ட பிறகு ஒரு பக்கக் கண்ணிமை தாழ்ந்து கண்மணி சிறுத்துப்போவது பதிவாகியிருக்கிறது, அங்கே ஓடும் தானியங்கி நரம்புச் சங்கிலி தொந்தரவுக்கு ஆளானதன் அடையாளம் அது. ஓகே-432 காய்ச்சலையும் பெரிய வீக்கத்தையும் கொண்டுவரும், பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

## அறுவை சிகிச்சை

ஊசிகளோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது: நரம்பைக் கண்ணால் பார்க்கலாம். சுருங்கிய எல்லையோடு, தனியாக எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கும் கோளாறை ஒரே முறையில் முடித்துவிடலாம், அமர்வுகள் கூடிக்கொண்டே போகும் ஆபத்து இல்லை. ஏற்கெனவே நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும் கட்டிக்கு அழுத்தத்தை உடனே நீக்கித் தருவதும் இதுதான்.

ஆனால் எல்லையில்லாமல் பரவிய கோளாறில் நிலைமை தலைகீழ். கடற்பஞ்சு மாதிரி தசைக்குள் ஊடுருவியிருக்கும் சிரைகளை வெட்டும்போது ரத்தம் நிறையும், நிறைந்த இடத்தில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, அவசரமாகச் சுடும் கருவி வைக்கும் இடத்தில்தான் விபத்து நடக்கும். கழுத்து நிணநீர்க் கோளாறுகளில் கீழ் உதட்டை இழுக்கும் முக நரம்புக் கிளை, நாக்கை அசைக்கும் நரம்பு, தோளைத் தூக்கும் நரம்பு, குரல்வளை நரம்பு என்று ஒரு கூட்டமே கட்டிக்குள் ஓடும். கழுத்தின் மேற்பகுதியில் இருக்கும் நாவடி எலும்புக்கு (ஹையாய்ட்) மேலும் கீழும் இரு பக்கமும் பரவியவை மிகக் கடினம் என்பதில் அறுவை மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அங்கே முழுசாக எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு நரம்புதான் விலை கொடுக்கும். நரம்பில் ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு வருவது தோல்வி கிடையாது.

இழுபட்ட நரம்பு பெரும்பாலும் திரும்பும். வெட்டுப்பட்டது தைத்தாலும் முழுசாகத் திரும்பாது, முக நரம்பு வளர்ந்து வந்தாலும் இழைகள் தடம் மாறி, சிரிக்கும்போது கண் மூடிக்கொள்வது போன்ற சிக்கல் தங்கிவிடும்.

யாரும் சொல்லாத விலை ஒன்று: முன்பு ஊசி போட்ட இடத்தில் தழும்பு படிந்து அடுக்குகள் ஒட்டிப்போயிருக்கும், நரம்பைப் பிரித்தெடுப்பது முதல் முறையைவிடக் கடினம். முதலில் ஊசி போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் அறுவை என்று சொல்லப்பட்டால், அந்த வரிசை அறுவையின் ஆபத்தை ஏற்றுகிறதா என்று கேட்டுவிடுங்கள். அறுவைக்குச் சற்று முன்பு ரத்தநாளத்தை அடைக்கும் பசை ஏற்றி ரத்தக் கசிவைக் குறைத்துவிட்டுச் செய்வது வேறு விஷயம், அது நரம்புக்கு நன்மைதான்.

## உறைய வைத்து அழிப்பது

மெல்லிய ஊசியைச் செலுத்தி நுனியில் பனிக்கட்டிப் பந்து ஒன்றை உருவாக்குகிறார்கள். அதன் ஓரம் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும், எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டே செய்யலாம். செல்கள் சாகும் குளிர் சுமார் மைனஸ் 20 முதல் மைனஸ் 40 டிகிரி வரை, அது பந்தின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே இருக்கும்.

நரம்பு உறைந்தால் உள்ளிழை போகும், உறை பெரும்பாலும் தப்பும். அதாவது இரண்டாம் நிலை, மாதக்கணக்கில் ஆனாலும் வளர்ந்து வர வாய்ப்பிருக்கிறது. ஆல்கஹாலோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயமில்லை. நரம்புக்கும் பந்துக்கும் நடுவே திரவம் ஏற்றி இடைவெளி உண்டாக்குவதும் வழக்கம்.

கெண்டைத் தசையில் கொழுப்பும் நாரும் சிரையும் கலந்து வரும் ஃபாவா என்ற வகை 2014-இல்தான் தனியாக அடையாளம் காணப்பட்டது. ஊசி மருந்து அதில் சரியாகப் பரவுவதில்லை, உறைய வைப்பது வலியை நன்றாகக் குறைக்கிறது. சிறிய, கெட்டியான, வலிக்கிற கட்டிக்கு இது நல்ல வழி. கை அகலத்துக்குப் பரவியதற்குப் பொருந்தாது. எல்லா ஊரிலும் செய்யும் ஆட்கள் இல்லை.

## மாத்திரைகள்

சிரோலிமஸ், அல்பெலிசிப். கோளாறுக்குப் பின்னால் இருக்கும் மரபணு மாற்றம் செல்லுக்குள் தட்டிவிடும் சங்கிலியை இவை அடக்குகின்றன. ஊசியும் இல்லை கத்தியும் இல்லை என்பதால் நரம்பு நேரடியாகக் கெடுவதற்கு வழி இல்லை. அல்பெலிசிப்புக்கு 2022 ஏப்ரலில் அமெரிக்க மருந்து ஆணையம் 2 வயதுக்கு மேற்பட்டோரில், பிஐகே3சிஏ மரபணு மாற்றத்தால் வரும் மிகை வளர்ச்சிக் கோளாறுகளுக்கு அனுமதி தந்தது.

விலை வேறு பக்கத்தில். சிரோலிமஸில் வாய்ப்புண், கொழுப்பு ஏறுவது, தொற்று, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிவைப்பது. அல்பெலிசிப்பில் சர்க்கரை ஏறும். கோளாறு மறைவதில்லை, சுருங்கி வலி குறையும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும். நரம்புகளைச் சூழ்ந்து பரவிய, எங்கே தொட்டாலும் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். முன்பு அப்படிப்பட்டவர்களிடம் சொல்ல எதுவுமே இல்லாமல் இருந்தது.

## வேக ஓட்டம் என்றால் கணக்கே வேறு

தமனியும் சிரையும் நேராகச் சேரும் முடிச்சைத்தான் அழிக்க வேண்டும். அதற்கு வரும் தமனியை மட்டும் கட்டிவிட்டால் பக்கத்துத் தமனிகள் பெருத்து நிலைமை மோசமாகும், பின்னால் செய்ய வேண்டிய சிகிச்சைக்கான வழியும் அடைபடும். எத்தனால், பசை, உள்ளே போய் இறுகி அடைக்கும் ஆனிக்ஸ் போன்ற திரவங்களைக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள்.

இங்கே நரம்பு கெடுவது வேறு பாதையில். நரம்புக்கும் தனியாகத் தமனி இருக்கிறது. காதுக்குப் பின்புறத் தமனியிலிருந்து போகும் ஒரு கிளையும், மூளை உறைத் தமனியின் ஒரு கிளையும் முக நரம்பை ஊட்டுகின்றன. தொண்டையை ஒட்டி ஏறும் ஒரு சிறு தமனி விழுங்குவதற்கும் குரலுக்கும் நாக்குக்கும் ஆன நரம்புகளை ஊட்டுகிறது. திரவம் அதற்குள் நழுவினால் கட்டியைத் தொடாமலேயே நரம்பு போய்விடும். அதனால் முகம், கழுத்துப் பகுதியில் இதைச் செய்பவர் இந்தத் தமனிகளை மனப்பாடமாக அறிந்தவராக இருக்க வேண்டும். திரவம் அனுப்புமுன் அதே குழாயில் மரப்பு மருந்து செலுத்தி நரம்பு தற்காலிகமாக மரக்கிறதா என்று சோதிக்கும் முறையும் உண்டு, நோயாளி விழித்திருந்தால் அது எளிது. வலி, புண், ரத்தக்கசிவு எதுவும் இல்லாத அமைதியான வேக ஓட்டக் கோளாறை அரைகுறையாகத் தொடுவதைவிட, சரியான குழு கிடைக்கும்வரை விட்டுவைப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | நரம்பு கெடும் விதம் | கெட்டால் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| காத்திருத்தல் | கட்டி, உறைகட்டி அழுத்துவது | அழுத்தம் சீக்கிரம் நீங்கினால் திரும்பும் | அறிகுறி குறைவு, மெதுவான ஓட்டம் |
| எத்தனால் | மருந்து ஊறி நேராகப் படுவது | பெரும்பாலும் திரும்பும், சில நிரந்தரம் | ஆழம், பெரிய நரம்பு இல்லாத இடம், வேக ஓட்டம் |
| நுரை மருந்து | வீக்கத்தின் அழுத்தம் | பெரும்பாலும் திரும்பும் | பரவலான சிரைக் கோளாறு |
| ப்ளியோமைசின் | மிக அரிது | பெரும்பாலும் திரும்பும் | முகம், கண்குழி, நாக்கு, தொண்டை |
| அறுவை | வெட்டு, இழுப்பு, சூடு | வெட்டானால் முழுசாகத் திரும்பாது | எல்லை தெளிவானது, அழுத்தும் கட்டி |
| உறைய வைத்தல் | இழை உறைவது | மெதுவாக வளரலாம் | சிறிய, கெட்டியான, வலிக்கும் கட்டி |
| மாத்திரை | நேரடியாக இல்லை | – | நரம்புகளைச் சூழ்ந்து பரவியது |

## கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

இதே இடத்தில் இதே மருந்தை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நரம்பு கெட்டது, எத்தனை பேருக்குத் திரும்பவில்லை என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். அறுவையானால் நரம்புக் கண்காணிப்புக் கருவி வைப்பார்களா என்று கேளுங்கள். வைத்தால் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தின் தாக்கம் அந்த நேரத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் கருவி எதையும் காட்டாது. மயக்க மருத்துவருக்கு இது தெரிந்திருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். டி-டைமரையும், ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜனையும் பார்த்தார்களா? உறைதல் கோளாறு இருந்து ரத்தம் கட்டினால் அந்தக் கட்டே நரம்பை அழுத்தும், அதற்காகச் சிலருக்கு முன்னும் பின்னும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி கொடுப்பார்கள். எந்த விரல் எவ்வளவு அசைகிறது, எங்கே உணர்வு குறைவு என்று சிகிச்சைக்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே வீடியோ எடுத்து வையுங்கள். முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் பின்னால் கெட்டதா இல்லையா என்று வாதிட்டுப் பயனில்லை.

## சிகிச்சைக்குப் பிறகு

முதல் 3 நாட்கள்தான் விழித்திருக்க வேண்டிய நேரம். வலி மருந்துக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரல்களை மற்றவர் மெதுவாக நீட்டினாலே உயிர் போகிறது, கையோ காலோ கல் மாதிரி இறுகிவிட்டது, மரத்துப்போகிறது என்றால் அது தசை உறைக்குள் அழுத்தம் ஏறியதன் அடையாளம். நாடித்துடிப்பு தெரிகிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம், கடைசியில்தான் அது போகும். உறையைத் திறந்துவிட சுமார் 6 மணி நேரம்தான் இருக்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் அந்த இரவே போய்விடுங்கள்.

இறுக்கமோ ஏறும் வலியோ இல்லாமல் பலவீனமும் மரப்பும் மட்டும் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அலட்சியம் கூடாது. நரம்பு, தசை மின்பரிசோதனையை மறுநாளே எடுத்தால் பாதி உண்மைதான் தெரியும், அறுந்த இழை சிதைந்து தசையில் மாற்றம் காட்ட சுமார் 3 வாரம் ஆகும். அதுவரை மூட்டுகள் இறுகாமல் பயிற்சி, பாதம் தொங்கினால் தாங்கு பட்டை, கண் மூடாவிட்டால் சொட்டு மருந்தும் இரவில் மூடி வைப்பதும் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். 3 மாதத்தில் எந்த அசைவும் திரும்பவில்லை என்றால், சிகிச்சை செய்த மருத்துவர் இன்னும் பொறுங்கள் என்று சொன்னாலும், நரம்பு அறுவை மருத்துவர் ஒருவரையும் தனியாகப் பாருங்கள். ஒட்டு வைப்பதோ வேறு நரம்பை மாற்றி இணைப்பதோ தசை உயிரோடு இருக்கும்போதுதான் பலிக்கும்.